பங்குனியில் மொட்டையாக நிற்கும் வேலி

அக்கா,

இன்று ஒரு வீட்டின் மொட்டை மாடியில் கொத்தனார் சிமெண்டில் வைக்கோலைப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். ஈர வைக்கோலும் சிமெண்டும் சேர்ந்து எழுப்புகிற அந்தப் புளித்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் படியிலேயே நின்றுவிட்டேன். பனியன் ஏற்றுமதி செய்கிற ஒருவரின் புது வீடு. கீழே முழுக்கப் பளிங்கு. மாடியில் மட்டும் விருந்தாளிகளை உட்கார வைக்க ஒரு மண் குடிசை வேண்டுமாம். மண்ணில் கட்டினால் கரையான் வரும் என்பதால் சிமெண்டில் மண் நிறம். "அசல் மண்ணு மாதிரியே இருக்கோணுங்க" என்றார் வீட்டுக்காரர். நீங்கள் இருந்திருந்தால் என் காதருகே வந்து, "மண்ணுல பொறந்தவருக்கு மண்ணு மாதிரி இருந்தா போதுமாம்ட்டி" என்றிருப்பீர்கள்.

சிரிப்பு வந்தது. பின்னாலேயே ஆத்திரமும் வந்தது. குடிசை என்ற சொல்லைக் கேட்டால் இப்போதெல்லாம் எனக்கு அந்த ஓட்டல்தான் நினைவுக்கு வருகிறது.

நாம் கட்டடமும் தோட்டமும் படம் வரைந்து கொடுத்த அலுவலகம் ஒரு எலக்ட்ரிக்கல் கடைக்கு மேல் இருந்தது. ஒரே அறை, இரண்டு கம்ப்யூட்டர். கரண்ட் போனால் வராந்தாவில் நின்று தெருவைத் திட்டுவோம். நீங்கள் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து கணவரோடு பிழைக்க வந்தவர். அவர் பனியன் கம்பெனியில் டைலர். நீங்கள் ஐடிஐயில் கட்டடப் படம் வரையப் படித்துவிட்டு, இங்கே வந்து செக்கிங் டேபிளில் நின்று பனியனில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தீர்கள். அங்கிருந்து தப்பித்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாள், "கால் ரெண்டும் இப்பத்தான் என் கால் மாதிரி இருக்கு" என்றீர்கள். நான் உள்ளூர் தறிக்காரர் வீட்டுப் பெண். டிப்ளமோ முடித்துவிட்டு வேறு வேலை கிடைக்காமல் வந்தவள்.

ஊரில் அப்போது டாலர் பணம் கொட்டியது. ஓட்டல், கல்யாண மண்டபம், பங்களா என்று எதைக் கட்டினாலும் 'கிராமத்து ஸ்டைல்' கேட்டார்கள். தோட்டத்தை விற்றுக் கம்பெனி வைத்தவர்கள், அந்தத் தோட்டம் மாதிரியே ஒன்றைச் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் கேட்டார்கள். ஊரை விட்டு ஓடிவந்த நீங்களும், டவுன் தெருவில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த நானும் அவர்களுக்குக் கொங்கு கிராமம் வரைந்து கொடுத்தோம்.

அந்த ஓட்டல் முதலாளி சாயப்பட்டறையும் ஏற்றுமதியும் வைத்திருந்தவர். இடத்தின் படத்தை நம் மேஜைமேல் விரித்து, "காலி எடந்தானுங்க" என்றார். காலி இடத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு நீளக் கட்டங்கள் இருந்தன. இரண்டும் லைன் வீடுகள். பனியன் வேலைக்கு வந்த குடும்பங்கள் ஆளுக்கோர் அறையாக வாடகைக்கு இருந்த வரிசைகள். பின்வரிசையில் ஓர் அறை உங்களுடையது. நீங்கள் அந்தக் கட்டத்தின்மேல் வைத்த விரலை எடுக்கவே இல்லை.

"இதுல ஆளுக இருக்காவளே, அண்ணாச்சி."

"அண்ணாச்சிங்களா? நானென்னங்க மளிகைக் கடையா வெச்சிருக்கறேன்?" என்று சிரித்தார். "அதையெல்லாம் எடுத்தறலாமுங்க. நீங்க குடிசை எங்க வருது, குளம் எங்க வருதுன்னு போடுங்க."

அங்கேதான் நான் குடியிருக்கிறேன் என்று நீங்கள் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் வீடு போகும். அவர் போன பிறகு பென்சிலை எடுத்து, முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவே ஒரு கோடு போட்டீர்கள்.

"முன்வரிசையக் காப்பாத்த முடியாது. காலி பண்ணச் சொல்லியாச்சு. பின்வரிசைய மறைச்சிருவோம். அவுக முன்னால தின்னுட்டுப் போகட்டும், நாம பின்னால கெடந்துக்கிடுவோம். நடுவுல ஒரு வேலி போதும்ட்டி."

அதற்குப் பிறகு அந்த வேலை முழுவதும் உங்களுக்கு அந்த ஒரு கோடுதான். பாத்திரம் கழுவ, காய் நறுக்கப் பின்வரிசையிலேயே ஆள் கிடைக்கும், பஸ் செலவு இல்லை என்று முதலாளியிடம் பேசினீர்கள். அவர் யோசித்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "சாப்புடறவங்க கண்ணுக்கு அந்தக் கொடித் துணியும் பக்கெட்டும் தெரியக்கூடாதுங்க. தெரிஞ்சா நான் எடுத்தறுவேன். அப்பறம் என்னைச் சொல்லாதீங்க."

எந்தச் செடி வைப்பது? அங்கே போர் தண்ணீர் சாயக் கழிவு இறங்கி ஒரே உப்பு. முந்தைய ஓட்டலில் நாம் வைத்த செம்பருத்தியெல்லாம் ஓரம் கருகிச் செத்திருந்தது. அப்போது நீங்கள்தான் கிளுவையைச் சொன்னீர்கள். போன மழைக்காலத்தில் காங்கேயம் பக்கம் ஒரு வேலைக்குப் போனபோது, மேய்ச்சல் காட்டைச் சுற்றி ஆள் உயரத்துக்குப் பச்சைச் சுவர் மாதிரி நின்ற முள்வேலியைப் பஸ் ஜன்னல் வழியே பார்த்தோமே, அது. தண்ணீர் ஊற்ற வேண்டாம். கிளையை வெட்டி நட்டால் பிடித்துக்கொள்ளும். அசல் கொங்கு வேலி. முதலாளி கேட்ட கிராமமும் ஆயிற்று, நீங்கள் கேட்ட மறைப்பும் ஆயிற்று. படத்தைக் காட்டியபோது அவர் செடியின் பெயரை வாசித்துவிட்டு, "கிளுவைங்களா? நல்லதுங்க, வெய்யுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வாசலுக்குக் குடம் தூக்கிய பெண் சிலை ஒன்று வேண்டும் என்று நம்மைத் திருமுருகன்பூண்டி சிற்பக் கூடத்துக்குக் கூட்டிப் போனார். உளிச் சத்தத்துக்கு நடுவே அவர் ஒவ்வொரு சிலையாகப் பார்த்து, இடுப்பு சரியில்லை, முகத்தில் களை இல்லை என்று தள்ளிக்கொண்டே வந்தார். உங்களுக்குப் பொறுக்கவில்லை.

"தண்ணி வர்ற அன்னைக்குக் காலையில எங்க லைனுக்கு வாங்க அண்ணாச்சி. கல்லே வேண்டாம். அசல் ஆளே குடத்தோட வரிசையில நிக்கும். களைக்குத்தான் நான் பொறுப்பில்ல."

'எங்க லைன்' என்று வாய் தவறிவிட்டதை அவர் கவனித்தாரா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என்னைக் கேட்டீர்கள். கவனித்திருக்கமாட்டார் என்றேன். இந்த முதலாளிகள் எதையும் கவனிக்காமல் விடுவதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஆவணியில் கிளை நட்டோம். ஐப்பசி மழைக்கு வேலி அடைத்துக்கொண்டு வளர்ந்தது. ஓட்டலைத் திறந்தபோது குடிசைகளில் லாந்தர் தொங்க, தாமரைக் குளத்தில் பிளாஸ்டிக் தாமரை மிதக்க, ஆட்கள் காரில் வந்து வாழை இலையில் சாப்பிட்டு, மாட்டு வண்டியில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் அசல் ஏழைகள் ரேடியோவைக் குறைத்து வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை, அதட்டவில்லை. "சத்தம் போடாதீங்க கண்ணு, கஷ்டமருக இருக்காங்க" என்று மேனேஜர் வந்து மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போவார். குழந்தைகள் பிரியாணி வாசனையை மோந்துகொண்டு கிசுகிசுப்பாக விளையாடின. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்து வந்து உங்கள் வாசற்படியில் உட்கார்ந்து, "பாத்தியாட்டி, ஒரு முள்ளுச் செடி எத்தன குடும்பத்தக் காப்பாத்துது" என்றீர்கள். உங்கள் முகத்தில் நான் பார்த்த கடைசி நிம்மதி அது.

மாசி முடிவதற்குள் இலை மஞ்சளித்தது. பங்குனியில் அத்தனையும் உதிர்ந்தது. பச்சைச் சுவர் வெறும் முள் குச்சிகளாக நின்றது. அதற்குப் பின்னால் கொடியில் தொங்கிய பாவாடைகள், பக்கெட்டுகள், கதவில்லாத குளியல் மறைப்பு எல்லாம் சாப்பாட்டு மேஜையிலிருந்து தெளிவாகத் தெரிந்தன.

செடி சாகிறது என்று நினைத்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உப்புத் தண்ணீர் ஊற்ற முடியாது. அதனால் நீங்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டீர்கள். எப்போது வரும் என்று தெரியாத நல்ல தண்ணீரை, குடிக்கப் பிடித்து வைத்த தண்ணீரை, பின்வரிசைப் பெண்கள் ஆளுக்கொரு குடம் கொண்டுவந்து வேலிக்கு ஊற்றினார்கள். "சோறு பொங்கத் தண்ணி இல்ல, வேலிக்குத் தீர்த்தமா?" என்று முனகியவளும் ஊற்றினாள். துணியை அறைக்குள்ளேயே காயப் போட்டார்கள். குச்சியில் ஒரு துளிர் வரவில்லை.

முதலாளி வந்தார். நான் அப்போது உங்கள் பக்கத்தில் இருந்தேன்.

"பட்டுப்போச்சு அண்ணாச்சி. ஒரு மாசம் பொறுங்க. என் செலவுல வேற செடி வச்சுத் தாரேன்."

"பட்டுப்போகலீங்க." ஒரு குச்சியை நகத்தால் கீறி உள்ளே இருந்த பச்சையைக் காட்டினார். "கிளுவை பங்குனியில மொட்டையாத்தான் நிக்கும். மழைக்குத் தானா தழையும். எங்கய்யன் காட்டுல நாலு பக்கமும் இதுதானுங்க. சின்ன வயசுல இந்த வேலிக்குள்ளதான் ஆடு மேச்சேன்."

"அப்ப படத்துல பாத்தன்னைக்கே தெரியுமா?"

"தெரியாதுங்களா?"

"பெறகு ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

அந்த '-ங்க'வை நான் பிறந்ததிலிருந்து கேட்கிறேன். என் வாயிலும் அதுதான் வருகிறது. அன்றுதான் அதற்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தேன். ஒரு வரிசை வீட்டையே அதற்குள் போட்டுப் புதைக்கலாம். கார் நிறுத்த இடம் பத்தாது என்று அவருக்கு ஆரம்பத்திலேயே தெரியும். கோடை வரைக்கும் காத்திருந்தால் வேலியே காரணம் சொல்லிவிடும் என்றும் தெரியும். அதுவரை பாத்திரம் கழுவ ஆளும் கிடைத்தது.

சித்திரையில் ஜேசிபி வந்தது. "பாத்துப் போங்க, சாமானமெல்லாம் பத்திரமுங்க" என்று சொல்லிச் சொல்லி இடித்தார்கள்.

பின்வரிசை சிதறியது. உங்களுக்கு அவிநாசிபாளையத்தைத் தாண்டித்தான் கட்டுப்படியாகிற அறை கிடைத்தது. தினமும் மொபெட்டில் வந்து போனீர்கள். தாராபுரம் சாலை எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். ஆடி மாதத்தில் ஒரு மாலை, எதிரே வந்த லாரி. உங்களை ஊருக்குக் கொண்டுபோய் உங்கள் கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். டிரைவர்மேல் கேஸ் போட்டார்கள். அவன் வடக்கத்திப் பையன், தூங்காமல் ஓட்டி வந்தவன். அவனோடு முடித்துக்கொண்டார்கள். அந்தச் சாலைக்கு உங்களை அனுப்பியவர்கள்மேல் கேஸ் போட எந்த ஸ்டேஷனிலும் வழியில்லை.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. கிளுவை தழைத்து, முன்பைவிட அடர்த்தியாக நின்றது. பின்னால் கார்கள் நிற்கின்றன. அவற்றை மறைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

நான் இன்னும் இதே வேலைதான் செய்கிறேன் அக்கா. விட்டுவிடுவேன் என்று நீங்கள் நினைத்திருந்தால் உங்களுக்கு என்னைத் தெரியவில்லை. வீட்டில் தறியை விற்றாகிவிட்டது. சம்பளம் வேண்டும். உங்களுக்குப் பிறகு ஒன்று மட்டும் மாறியது. படத்தை விரித்ததும் முதலில், அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறேன். செடியின் பெயரை எழுதினால், எந்த மாதம் உதிரும் என்று பக்கத்திலேயே எழுதுகிறேன். அப்படி எழுதினால் யாராவது தப்பிப்பார்கள் என்று கொஞ்ச நாள் நம்பினேன்.

போன மாதம் உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. விருந்தினர் மாளிகை கட்டுகிறார்கள். தோப்பு மூலையில் தேங்காய் உரிக்கிற குடும்பம் ஒன்று கீற்றுக் கொட்டகையில் இருக்கிறது. அவர்களை மறைத்துக் கிளுவை வேலி வேண்டும் என்றார் தோப்புக்காரர், அந்த ஓட்டலில் பார்த்தாராம். நான் அவர் கேட்பதற்கு முன்பே சொன்னேன்: "பங்குனியில மொட்டையா நிக்குங்க. மறைக்காதுங்க."

அவர் சிரித்தார். "பரவால்லீங்க. அதுக்குள்ள அவங்க போயிருவாங்க."

கொட்டகை வாசலில் ஒரு பெண் மட்டையை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள். நான் வேலிக்குக் கோடு போட்டேன்.