இரண்டாம் மதகு, மயில் உள்ளான்

மார்ச் 3, செவ்வாய்

பனி. ஏழு மணிக்கும் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கம்பெனிச் சுவர் தெரியவில்லை. ஷிப்ட் பஸ்ஸின் ஹாரன் மட்டும்.

பையில்: பைனாகுலர், நோட்டு, பால் பாட்டில், குல்லா, இன்ஹேலர், ஸ்பேசர், கொசு மருந்து, பிஸ்கட். பறவைக்கு இரண்டு பொருள், மகள் மித்ராவுக்கு ஆறு.

இரண்டாம் மதகு, 7.15 – 7.30. மாதம் முழுக்க இதே இடம், இதே கால் மணி நேரம். ஏரிப் பறவைகளை எண்ணும் குழுவின் ஏற்பாடு; பட்டியலை அவர்கள் ஆப்பில் தினமும் போடவேண்டும்.

நத்தை குத்தி நாரை 11. முக்குளிப்பான் 6. மடையான் 4. தாழைக்கோழி 9, அதில் ஒன்று சரியான சண்டைக்காரி. வாத்து சுமார் 40. போன வாரம் நூறு இருந்தது, வடக்கே கிளம்ப ஆரம்பித்துவிட்டன. பஞ்சுருட்டான் 3, மின்கம்பியில். பூச்சி: சிவப்புத் தட்டான் 5, வெந்தய நிற வண்ணத்துப்பூச்சி 2, பெயர் தெரியாத வண்டு 1 (மித்ரா வாயில் போடப் பார்த்தாள்).

கோரைக்குள் பழுப்பாக ஒன்று நகர்ந்தது. கண்ணைச் சுற்றி வெளிர் வளையம். பார்ப்பதற்குள் இல்லை. மயில் உள்ளானா? விலங்கியல் படித்த மூன்று வருஷமும் படத்தில் மட்டும் பார்த்தது.

மித்ராவுக்கு மூக்கு ஒழுகுகிறது. ஜனவரி மாதிரி வீசிங் வந்துவிடுமோ. தூங்கும்போது மூச்சு எண்ணினேன். நிமிஷத்துக்கு 28. மறுபடி எண்ணினேன். 27.

மார்ச் 4, புதன்

மயில் உள்ளான்தான். ஆண். கூடும் இருக்கிறது.

மதகிலிருந்து பத்துப் பதினைந்து அடி, கோரைத் திட்டு. நான் நிற்பதை மாடுகளுக்குப் புல் அறுக்கும் கன்னியம்மா பார்த்துவிட்டாள். தலையில் கட்டு, இடுப்பில் அருவாள். இறங்கிப் போகவேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"அது குந்தி மூணு நாள் ஆவுது. நாலு முட்டை. நான் அந்தாண்ட அருவாளே வெக்கல."

எனக்குத்தான் கண்டுபிடிப்பு. அவளுக்கு அது புல் அறுக்கக் கூடாத ஓர் இடம், அவ்வளவுதான்.

இந்த இனத்தில் அப்பாதான் அடைகாக்கும். பெண்ணுக்குத்தான் கழுத்தில் அந்தச் செம்பழுப்பு நிறம், பகட்டு எல்லாம். முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். வீட்டுக்கு வந்து இவரை எழுப்பிச் சொன்னேன். இவருக்கு இந்த வாரம் பி ஷிப்ட், பத்து மணி வரை தூக்கம்.

"பொட்டை எங்க போச்சு?"

அடுத்த ஜோடி தேடிப் போயிருக்கும் என்றேன்.

"நல்ல குடும்பம்" என்று போர்வையை இழுத்துக்கொண்டார். பிறகு, கண்ணை மூடியபடியே: "ஏ பிள்ள, நீ எங்கயும் போயிராத. எனக்கு இவளுக்கு நெபுலைசர் வைக்கத் தெரியாது."

தெரியும். ஜனவரியில் இவர்தான் வைத்தார்.

மார்ச் 6, வெள்ளி

வெயில் ஏறிவிட்டது. சிவப்புத் தட்டான் 14. வாத்து 22.

மயில் உள்ளான் (இனி ம.உ.) ஆண் 1, கூட்டில். குழுவில் போட்டேன். பட்டியலில் மட்டும், கூடு பற்றி ஒன்றும் எழுதவில்லை. பத்து நிமிஷத்தில் ஒருவர், தாம்பரம்காரராம்: தாழைக்கோழிக் குஞ்சாக இருக்கும் சிஸ்டர், புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் குழப்பம் சகஜம். கீழே சிரிக்கும் முகங்கள் நான்கு.

குழுவை நடத்தும் சங்கரன் சார் மரியாதையானவர். ஆதாரமாக ஒரு படம் இருந்தால் பதிவுக்கு நல்லது என்றார்.

பாத்திரம் விளக்கிக்கொண்டே மனதுக்குள் அந்தத் தாம்பரத்துக்குப் பதில் சொன்னேன். எட்டு விதமாக. ஒன்றையும் அனுப்பவில்லை. துணி மடித்தேன். மடித்ததையே திரும்ப மடித்தேன்.

மார்ச் 9, திங்கள்

எடுத்துவிட்டேன். பைனாகுலரின் ஒரு கண்ணில் போனை வைத்து, மூச்சைப் பிடித்து, பதினேழு படம். பதினாறில் புல். ஒன்றில் அவன், முட்டை மேல், கண் நேராக என்னைப் பார்த்தபடி. சிறகில் பொன் பொட்டுகள்கூடத் தெரிகின்றன.

குழுவின் நான்காம் விதி: கூடு இருக்கும் இடத்தைப் பகிரக் கூடாது. நான் இடம் எழுதவில்லை. படம் மட்டும் போட்டேன்.

கைதட்டல்கள். தாம்பரம் வாயைத் திறக்கவில்லை. சங்கரன் சார், அருமையான பதிவு, இந்தப் பக்கத்து ஏரிகளில் கூட்டோடு படம் பார்த்ததில்லை என்று எழுதி, என் பெயரை முழுதாகப் போட்டிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு என் பெயரை முழுதாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, காஸ் புத்தகத்தில் தவிர.

ஏழெட்டு முறை திறந்து பார்த்தேன். சோறு குழைந்துவிட்டது.

மார்ச் 12, வியாழன்

மித்ராவுக்கு இருமல். ஏரிக்குப் போகவில்லை. இவரைப் போகச் சொன்னேன்; போனார். இவரது பட்டியல்: கொக்கு நிறைய. கருப்பாக ஒன்று. உன் ஆள் குந்தியிருக்கான்.

குழுவுக்கு அனுப்ப முடியாத பட்டியல். கிழிக்காமல் நோட்டில் ஒட்டிவைத்தேன்.

கீழ் வீட்டு ஸ்டெல்லா அக்கா, வீட்டுக்காரம்மா, கசாயம் கொடுத்துவிட்டுத் திட்டினாள். "இன்னாமா படிச்ச பொண்ணு நீ, பச்சப் புள்ளய பனியில தூக்கினு ஏரிக்குப் போற? குருவி எங்கனா ஓடிப்பூடுமா?" அதோடு விட்டாளா. கசாயத்தின் படத்தை, குடிக்க மறுத்து அழும் மித்ராவோடு, ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள். தெருவில் எது நடந்தாலும் அக்கா ஸ்டேட்டஸில் வந்துவிடும்.

மார்ச் 15, ஞாயிறு

எப்படி எழுதுவது.

ஏழு மணிக்கு மதகில் இரண்டு கார். நான்கு ஆண்கள். என் கை நீளத்துக்கு லென்ஸ். கூட்டைச் சுற்றியிருந்த கோரையை இரண்டு பக்கமும் ஒதுக்கி நூல் போட்டுக் கட்டியிருந்தார்கள். முன்னால் இருந்ததைக் கத்தரித்திருந்தார்கள். நடுவில் நான்கு முட்டை, தட்டில் வைத்த மாதிரி. ஆண் இல்லை.

மித்ராவை இடுப்பில் வைத்துக்கொண்டு, கட்டுகளையெல்லாம் அவிழ்த்துவிட்டுக் கிளம்புங்கள் என்றேன். அவர்களில் ஒருவர் சிரித்த முகமாக எழுந்து வந்தார்.

"நீங்கதானா மேடம் அது? உங்களாலதான் வந்தோம். சூப்பர் ஃபைண்ட்."

இடம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். தினமும் நீங்கள்தானே பட்டியலோடு அனுப்புகிறீர்கள் என்றார்.

ஆமாம். ஆப்பில் பட்டியலோடு இடமும் வரைபடத்தில் புள்ளியாகப் போகும். தினமும் ஒரே மதகு, ஒரே பெயர். படத்தில் இடம் எழுதாமல் விட்டதை நினைத்து ஆறு நாளாக நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

ஐம்பது நிமிஷம் ஆண் திரும்பவில்லை. எண்ணினேன். வெயில் நேராக முட்டையில். அவர்கள் போன பிறகு நூலை அவிழ்த்தேன். ஒடிந்த கோரை நிமிரவில்லை. கன்னியம்மா தன் கட்டிலிருந்து புல்லை உருவிக் கொண்டுவந்து மேலே சாய்த்தாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"நான் அந்தப் புல்ல இத்தினி நாளு உட்டு வெச்சிக்கினு கீறேன். நீ போட்டா புட்ச்சி ஊரையே கூட்டிக்கினு வந்துட்ட."

நூல் துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டேன்.

7.50க்கு ஆண் வந்தான். சுற்றி நின்றான். உட்கார்ந்தான்.

மார்ச் 16, திங்கள்

மூன்று மணிக்கு விழிப்பு. மித்ரா மூச்சு 26. முட்டை ஆறிப்போயிருக்குமா, வெந்துபோயிருக்குமா. மதகில் காக்கை எத்தனை இருந்தது? எண்ண மறந்திருக்கிறேன்.

காலை: ஆண் கூட்டில். காக்கை 7, அருகில். வாத்து 0. வாத்தெல்லாம் போய்விட்டது.

குழுவில் நேற்றைய சிரித்த முகக்காரர்: சனி, ஞாயிறு நண்பர்களோடு வருகிறோம், பத்துப் பேர் இருக்கும், மேடம் வழிகாட்டினால் மகிழ்ச்சி. சங்கரன் சாருக்குத் தனியாக எழுதினேன். கண்டித்துப் பொதுவில் போட்டார். அதன் கீழேயே ஒருவர், ஏரி பொது இடம் சார் என்று.

படத்தை நீக்கினேன். ஏற்கெனவே எங்கெங்கோ போய்விட்டது.

மார்ச் 17, செவ்வாய்

ஒரு வழிதான் தெரிகிறது. முட்டை போய்விட்டது என்று சொல்லிவிடுவது.

இவரிடம் கேட்டேன். பொய்யாப் போடுதியா என்றார். ஆமாம். "நீயா?" என்றார். டிபன் பாக்ஸ் மூடியைத் திருகிக்கொண்டே, போடு என்றார்.

படிக்கும்போது எங்கள் துறை மேடம், இல்லாததை எண்ணாதே, இருப்பதை விடாதே என்பார். இரண்டையும் ஒரே நாளில் மீறுகிறேன்.

எழுதியது: "ம.உ. கூடு அழிந்தது. நான்கு முட்டையும் இல்லை. கீரியாக இருக்கலாம்." அனுப்பும்போது மித்ரா மடியில் ஏறினாள். அவளுக்குத் தெரியாமல் போனைத் திருப்பிக்கொண்டேன். என்ன பைத்தியம், அவளுக்கு எழுத்தே தெரியாது.

மார்ச் 18, புதன்

காலியான கூட்டின் படம் வேண்டும், பதிவை மூட, என்று சங்கரன் சார். எதிர்பார்க்கவில்லை.

கன்னியம்மாவிடம் போய் நின்றேன். எல்லாம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, ஏரியின் அடுத்த கோடிக்கு, உபரித் தண்ணீர் வழியும் கலங்கல் பக்கம், கூட்டிப்போனாள். கோரையில் உட்கார்ந்து எழுந்தாள். கையால் சுற்றிக் குழி பண்ணி, காய்ந்த புல் வைத்து, ஓரத்தைக் கலைத்தாள்.

"கீரி வந்தா இப்டித்தான் இருக்கும். புடி போட்டோவ."

அச்சு அசல். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இப்போதுதான்.

படம் போனது. கண்ணீர் முகங்கள், உடைந்த இதயங்கள். பிறகு தாம்பரம்: "குழந்தையைத் தூக்கிக்கொண்டு தினமும் கூட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றால் இப்படித்தான் ஆகும். அம்மாக்கள் வீட்டில் இருப்பது பறவைக்கும் நல்லது, குழந்தைக்கும் நல்லது."

ஆறு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். சங்கரன் சார் ஒன்றும் சொல்லவில்லை.

எழுதினேன்: அப்பா இன்னும் கூட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார் சார். அழித்தேன். மறுபடி எழுதினேன். விரல் அனுப்பும் பொத்தான் மேலேயே இருந்தது. அழித்தேன். மாடிக்கும் கீழுக்கும் நான்கு முறை. காய்ந்த துணியை எடுக்கப் போய், எடுக்காமலே வந்தேன்.

கடைசியில்: "மன்னிக்கவும். இனி கவனமாக இருக்கிறேன்."

அனுப்பிய பிறகு கை கழுவினேன், சோப்புப் போட்டு.

மார்ச் 20, வெள்ளி

மேகம். புழுக்கம். ஆண் கூட்டில். ஒரு தடவை எழுந்து முட்டையைப் புரட்டிவிட்டு உட்கார்ந்தான். பச்சைத் தட்டான் 6. சிவப்பு 20க்கு மேல். ஆள்காட்டி 2.

ஆப்பில் ம.உ. இடத்தில் 0.

சங்கரன் சார் தனியாக: அடுத்த மாதம் இரண்டாம் மதகை வேறொருவரிடம் கொடுக்கலாமா, உங்களுக்குக் குழந்தையோடு சிரமம்தானே. அக்கறையாகத்தான் கேட்கிறார். அதுதான் தாங்கவில்லை. சரி என்று போட்டேன். குஞ்சு பொரித்துவிட்டால் யார் வந்து நின்றால் என்ன. பொரிக்காவிட்டால்?

மார்ச் 21, சனி

யாரும் வரவில்லை. கார் இல்லை. ஒன்பது வரை மதகிலேயே உட்கார்ந்திருந்தேன், காவல் மாதிரி. மித்ரா பிஸ்கட்டை எறும்புக்குப் போட்டாள். எறும்பு: எண்ண முடியவில்லை.

ஆண் உட்கார்ந்தே இருக்கிறான். கன்னியம்மா கணக்குப்படி இன்று இருபதாம் நாள். அந்த ஐம்பது நிமிஷம்.

சாப்பிடப் பிடிக்கவில்லை. இவருக்கு ஓவர்டைம்.

மார்ச் 22, ஞாயிறு

இரவில் லேசான தூறல். காலையில் மண் வாசனை.

கூட்டில் ஆண் இல்லை. முட்டை இல்லை. மித்ராவை இறுக்கிக்கொண்டு அப்படியே நின்றேன். நான் எழுதிய பொய் அப்படியே நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

கன்னியம்மா அந்தப் பக்கத்திலிருந்து வாயில் விரல் வைத்துக் காட்டினாள்.

திட்டின் ஓரம், சேற்றில். ஆண். அவன் பின்னால் ஒன்று. இரண்டு. மூன்று. கோடு போட்ட பஞ்சு உருண்டைகள், கால் மட்டும் பெரிதாக. நான்காவது வரவேயில்லை, பத்து நிமிஷம் கழித்துக் கோரையைக் கிழித்துக்கொண்டு விழுந்தடித்து ஓடிவந்தது. அவன் சிறகை விரித்தான், நான்கும் உள்ளே.

ம.உ. ஆண் 1, குஞ்சு 4. 7.15 – 7.30. இரண்டாம் மதகு.

இந்த வரி இந்த நோட்டில் மட்டும். ஆப்பில் 0. அனுப்பிவிட்டேன்.

மித்ரா பார்த்துவிட்டாள். வழியெல்லாம் அதே பேச்சு. தெருமுனையில் ஸ்டெல்லா அக்கா, சர்ச் முடிந்து, கையில் போன். மித்ரா நேராக அவளிடம் ஓடினாள்.

"குருவி பாப்பா. நாலு. அப்பா வச்சிக்கிச்சு."

"அப்டியாடி செல்லம், எங்க பாத்த?" ஸ்டேட்டஸுக்காகப் போனைத் தூக்கிவிட்டாள் அக்கா.

டிவியில் பார்த்தாள், அக்கா, என்றேன்.

மித்ரா திரும்பி என்னைப் பார்த்தாள். "ஏரில" என்றாள்.

"டிவியில, கண்ணு."