மதகுக் கல்லின் அடிப்பக்கம்

செப். 22, திங்கள்

காலை எட்டுக்கே மண்டையைப் பிளக்கும் வெயில். ஏரி மதகு வேலை தொடக்கம். நூறு நாள் ஆட்கள் 31, மேற்பார்வை நான். ஆம்பளை மூணே பேர், அதில் ஒருத்தர் நிழலுக்குக் காவல்.

செய்ய வேண்டியது: ஆஜர் போட்டோ (காலை, மதியம்). தண்ணி கேன். கோமதிக்குப் புது வேலை அட்டை. வீட்டுக்கு உளுந்து.

பதினொரு மணி வாக்கில் மதகை மூடியிருந்த பெரிய கல்லைக் கடப்பாரை போட்டுப் புரட்டினார்கள். ஆள் நீளம். பொறந்ததிலிருந்து அதன் மேல் துணி துவைக்கிறேன். அடிப்பக்கம் முழுக்க எழுத்து.

கொத்தனார்தான் முதலில் வாய் திறந்தார். "இன்னா மேடம், இது எய்த்து மாரி கீது?"

குனிந்து பார்த்தேன். வரிசை வரிசையாக. ட தெரிந்தது. ப தெரிந்தது. ம மாதிரி ஒன்று. மற்றதெல்லாம் புரியவில்லை. ஆனால் தமிழ்தான். இருபத்தெட்டுப் பெண்கள் ஒரே நேரத்தில் வாயை மூடி இன்றுதான் பார்க்கிறேன்.

எங்கள் ஊருக்கெல்லாம் சரித்திரமா? படாளத்தில் இறங்கி நாலு கிலோமீட்டர் உள்ளே வரணும். பஸ்ஸே வராத ஊருக்கு எழுத்து எப்படி வந்தது?

சாயந்திரம் வீட்டுக்காரருக்குப் போன் செய்து சொன்னேன். கோவளத்திலிருந்து சவாரி ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் போய் வேனை நிறுத்தியிருந்தார். "கல்லு பாக்கணும்னா இங்க வா. வெள்ளக்காரன் டிக்கெட் வாங்கினு பாக்கறான். நம்ப ஊர் கல்ல எவன் பாப்பான்?" இருபது வருஷமாக அங்கே வேன் ஓட்டுகிறார். ஒரு கல்லையாவது இறங்கிப் பார்த்தாரா, கேட்கணும்.

உளுந்து வாங்க மறந்துவிட்டேன்.

செப். 23, செவ்வாய்

போய்ச் சேருவதற்குள் கல் அம்மனாகிவிட்டது.

விடியற்காலையில் யாரோ எண்ணெய் தடவி, மஞ்சள் அப்பி, குங்குமம் வைத்து, தலைமாட்டில் கற்பூரமும் கொளுத்தியிருக்கிறார்கள். எழுத்துப் பள்ளமெல்லாம் மஞ்சள். ஒரு மூலை கரி. "எய்த்து கீதுன்னா சக்தி கீதுதானே மேடம்" என்று கோமதி சொல்கிறாள். அவள் கை முழுக்க மஞ்சள். கேட்பானேன்.

திட்ட வாய் வரவில்லை. நேற்று ராத்திரி படுக்கும்போது எனக்கும் கும்பிடத்தான் தோன்றியது.

கொத்தனார் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார். "சாமி ஆயிட்டா அப்பறம் எப்டி மதகு மேல கவுக்கறது?"

ஆஜர் போட்டோ மதியம் ஏறவில்லை. சிக்னல் இல்லை. கரை மேல் ஏறி நின்று மூணு தடவை எடுத்தேன்.

செப். 24, புதன்

மேகம். மழை இல்லை.

பஞ்சாயத்துத் தலைவர் வந்து பார்த்தார். கல்லையும் பார்த்தார், வானத்தையும் பார்த்தார். வானத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். "இந்தாம்மா செல்வி. ஞாயித்துக்கிழம கூடை நாள். திங்கக்கிழம காங்கிரீட். மழைக்கு முன்ன மதகு மூடலன்னா ஏரில தண்ணி நிக்காது, சம்பா போச்சு. இந்தக் கல்லுதான் மூடி. எப்டி இருந்துச்சோ அப்டியே கவுத்து சிமெண்ட் பூசிடு."

அவர் சொல்வதும் நியாயம்தான். மதகு திறந்து கிடந்தால் ஊரே பட்டினி. ஆனால் இந்த முறை சிமெண்ட் பூசினால் இனி எவனும் புரட்ட மாட்டான்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள படிச்சிட்டா? வேற மூடி போட்டா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்று உறைத்தது. அவர் மீசையைத் தடவினார். "ஞாயித்துக்கிழம சாயந்திரம் வரிக்கும். வேற பலகைக் கல்லு என் வூட்டாண்ட கீது. அதுக்கு மேல ஒரு நாள் தர மாட்டேன்."

மகளுக்குப் போன். பொத்தேரியில் ஹாஸ்டல் ஆபீஸ் வேலையில் இருக்கிறாள். செங்கல்பட்டில் படித்தபோது அவளுக்கு வரலாறு எடுத்த டீச்சரின் நம்பர் தந்தாள். டீச்சர் முதல் கேள்வியே, "யாரும் எதுவும் தடவலையே?" எண்ணெய், மஞ்சள், கற்பூரம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

எண்ணெய் இருந்தால் எழுத்தைப் படி எடுக்கும் தாள் ஒட்டாதாம். சோப்புத் தூள் கூடாது, ஆசிட் கூடாது, கம்பி பிரஷ் கூடவே கூடாது. சீயக்காய் போடலாமா என்று கேட்டேன். சிரித்தார். யோசித்தார். "மெதுவா. அழுத்தக் கூடாது. ஞாயித்துக்கிழமை நானே வரேன்."

சாயந்திரம் முனியம்மா அக்கா வீட்டுக்கு வந்தார். எங்கள் தெருதான். (ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் காலனி.) வேலைக்கு வருகிறவர்களில் மூத்தவர். உட்காரவில்லை.

"பட்ச்சு சொல்ல ஆள் கூப்ட்டியாமே. வேணாம்டி."

"ஏங்க்கா?"

"அந்தக் காலத்துல எய்துனது யாரு? நம்மாளா? நம்மள பத்தி அதுல இருந்தா நல்லதாவா இருக்கப் போவுது? இங்க வராத, அத தொடாதன்னு இருக்கும். இப்ப வாயால சொல்றத கேட்டுகினு கீறோம். கல்லுலயே கீதுன்னு ஆயிட்டா இன்னா பண்ணுவ? கவுத்துடு."

இதை நான் நினைக்கவே இல்லை. ஊரே ஏரி மண் சுமக்கும் கூடை நாளில் கூட எங்கள் தெரு கடைசி வரிசை. அதுவும் எழுதித்தான் இருக்குமோ?

செப். 26, வெள்ளி

கல்லுக்கு எண்ணெய்க் குளியல் முடிந்து சீயக்காய்க் குளியல்.

பழைய பல் பிரஷ் 14. சீயக்காய்த் தூள் நாலு பாக்கெட். கிழிந்த புடவை ஒன்று (என்னுடையது, நீலம்).

சுற்றி உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வரி. குழந்தைக்குக் காது கழுவுகிற மாதிரி. மஞ்சள் கரைந்து ஓட ஓட ஒவ்வொரு எழுத்தாக மேலே வந்தது. கோமதி பள்ளிக்கூடமே போனதில்லை. அவள் ஒரு எழுத்தை விட்டு நகரவே இல்லை. "மேடம், உளி புட்ச்ச ஆளு இங்க ஒரு தபா வழுக்கிட்டான், பாருங்க." பார்த்தேன். உண்மைதான். ஒரு கோடு கொஞ்சம் தப்பிப் போயிருந்தது. எந்தக் காலத்து ஆளோ. கை வழுக்கியது அப்படியே இருக்கிறது.

முனியம்மா அக்கா வரவில்லை. தூரத்தில் தனியாக மண் வெட்டிக்கொண்டிருந்தார். ரெண்டு நாளாக என்னோடு பேச்சு இல்லை.

கரி மட்டும் போகவில்லை. இருக்கட்டும், அதுவும் நாங்கள் வைத்ததுதானே.

செப். 27, சனி

மத்தியானம் அரை மணி நேரம் பேய் மழை. திறந்து கிடக்கிற மதகு வழியாகத் தண்ணீர் ஓடுவதை நின்று பார்த்தேன். தலைவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

கல்லுக்குத் தார்பாய்.

டீச்சர் போன்: நாளைக்குக் கட்டாயம் வருகிறேன், மழை இருந்தால் படி எடுக்க முடியாது. நான் சாமி கும்பிட்டேன், மழை வர வேண்டாமென்று. ஏரிக்கரையில் பொறந்தவள் கும்பிடுகிற கும்பிடா இது!

நாளைக்கான கூடை தயார். வருஷா வருஷம் மழைக்கு முன் வீட்டுக்கு ஒரு கூடை வண்டல், ஏரியிலிருந்து வெட்டிக் கரையில் கொட்டணும். கார் கம்பெனிக்குப் போகிறவனும் வருவான், மெடிக்கல் ஷாப்காரனும் வருவான். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. வராவிட்டால் அபராதமும் இல்லை. ஆனால் வராத வீட்டை நான் பார்த்ததில்லை. வீட்டுக்காரர்கூட நாளைக்குச் சவாரி வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

செப். 28, ஞாயிறு

வெயில். நல்ல வெயில்!

டீச்சர் எட்டரைக்கு வந்தார். சின்ன உருவம், பெரிய பை. ஈரத் தாளைக் கல் மேல் ஒட்டி பிரஷால் தட்டித் தட்டி, காய்ந்ததும் மை ஒத்தினார். கறுப்பில் வெள்ளையாக எழுத்து எழுந்து வந்தது. கூடையோடு வந்த சனம் அப்படியே நின்றுவிட்டது. வீட்டுக்காரரும் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி.

கரி பிடித்த மூலையில் ஒன்றரை வரி போச்சு. கோமதி அழுதுவிட்டாள்.

டீச்சர் விரல் வைத்துப் படித்தார். ரொம்ப நேரம். முனியம்மா அக்கா வரிசையின் கடைசியில், எங்கள் தெரு ஆட்களோடு. சேற்றோடு கூடை தலையில்.

"ஆயிரம் வருஷத்துக்குக் கிட்ட இருக்கும்" என்றார் டீச்சர். "இந்த ஏரியைப் பத்தித்தான். ஒருத்தர் இதுக்கு நிலம் விட்டிருக்கார். வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி, வீட்டுக்கு ஒரு கூடை வண்டல் எடுத்துக் கரையில போடணும்னு வெட்டி வெச்சிருக்கார்."

எல்லோரிடமும் கூடை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. எழுத்து மண்ணைப் பார்த்துக் குப்புறக் கிடந்திருக்கிறது. படிக்க ஒருத்தர் இல்லை. ஒரு கூடை கூடத் தவறவில்லை.

தலைவர்தான் கேட்டார். "யார் யார் வூடுன்னு போட்டுகீதா?"

முனியம்மா அக்கா தலை குனிந்தது.

"எல்லா வீடும்னுதான் இருக்கு. பிரிச்சு எதுவும் சொல்லலை" என்றார் டீச்சர். பிறகு கடைசி வரியைத் தடவினார். "முடிக்கும்போது, இந்த ஏரியைக் காக்கிறவங்க பாதம் என் தலை மேலன்னு சொல்லியிருக்கார்."

"யார் தலை மேல?" பின்னாலிருந்து முனியம்மா அக்கா.

"நிலம் விட்டவர் தலை மேலம்மா. பெரிய ஆளா இருந்திருக்கணும்."

"யார் பாதம்?"

"மண் சுமக்கிறவங்க பாதம். உங்க பாதம்."

அக்கா கூடையை இறக்கினார். கீழே பார்த்தார். கணுக்கால் வரைக்கும் சேறு, வெடிப்பிலெல்லாம் சேறு.

"ஐயோ, இந்தக் காலோடவா?" என்று மதகுக்குக் கீழே தேங்கிய தண்ணீருக்கு ஓடினார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தேய்த்துத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தார். பின்னாலேயே நாங்களெல்லாம்.