உங்கள் சாசனமும் என் இடத்து மாடும்

அண்ணாச்சி,

பருத்தி விதையைச் சாணிக் கரைசலில் பிசறி, முற்றத்தில் சாக்கை விரித்து உலர்த்தியிருக்கிறாள் மருமகள். அந்த வாடை மூக்கில் ஏறினாலே எனக்கு உங்கள் நினைப்புத்தான். எனக்கு எழுத்து தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள்.

உங்களிடம் ஒரு மாடு, என்னிடம் ஒரு மாடு. உங்களுடையது வலத்து மாடு, என்னுடையது இடத்து மாடு. மழை விழுந்ததும் இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டி, முதலில் உங்கள் புஞ்சை, பிறகு என் புஞ்சை என்று விதைத்து முடிப்போம். உழும்போது ஓயாமல் பேசுவீர்கள். கோவில்பட்டி பஞ்சுக்கடையில் வேலை பார்த்த நாளில் பேப்பரில் படித்ததெல்லாம் வரும். அரசியல் சாசனத்தை ஊரில் எல்லோரும் சர்க்கார் சட்டம் என்பார்கள். நீங்கள் ஒருவர்தான் ‘நம்ம சாசனம்’ என்பீர்கள், நம்ம புஞ்சை என்பது போல. கைநாட்டுக்காரனுக்கு அதில் என்ன பங்கு என்று கேட்டால், “ஒனக்கும் சேத்துத்தாம்லே எழுதியிருக்காவ” என்பீர்கள்.

தண்ணீர் இல்லாத அந்தக் கோடையில், ஊர் தொடாமல் ஒதுக்கி வைத்திருந்த காலனி ஆட்களை உங்கள் கிணற்றில் இறைக்க விட்டீர்கள். ஊர் கூடியது. மன்னிப்புக் கேட்டு விழச் சொன்னார்கள். தீண்டாமையை நம்ம சாசனம் ஒழித்துவிட்டது, விழமாட்டேன் என்று நின்றீர்கள். நல்லது கெட்டது எதற்கும் உங்களோடு சேரக்கூடாது என்று தள்ளிவைத்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஐப்பசி மழை பெய்த மறுநாள் காலையில் என் வாசலுக்கு வந்தீர்கள்.

“தம்பி, ஈரம் காயுது. மாட்டைப் பத்திக்கிட்டு வா.”

என் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம். ஊரைப் பகைக்க முடியாது அண்ணாச்சி என்று மட்டும் சொல்லியிருக்கலாம். தெருவில் நாலு பேர் கேட்டுக்கொண்டு நின்றதால் எனக்கு வாய் நீண்டது.

“ஒங்க சாசனத்தைப் பூட்டி உழுங்க, அண்ணாச்சி.”

அவர்கள் சிரித்தார்கள். நீங்கள் கோபப்படவில்லை.

“அதுவும் ஒத்தை மாடுதாம்லே. கூட ஒருத்தன் சேத்துப் பூட்டுனாத்தான் உழும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பினீர்கள்.

அந்த வருஷம் உங்கள் புஞ்சை தரிசாகக் கிடந்தது. மாட்டை விற்றுவிட்டுக் கழுகுமலைக்குத் தீப்பெட்டி வேலைக்குப் போய்விட்டீர்கள். கிணற்றை மட்டும் அடைக்கவில்லை. நீங்கள் இறந்த சேதி வந்தபோது காலனி ஆட்கள்தான் பஸ் பிடித்து வந்தார்கள். எந்த முகத்தோடு வர என்று நான் வீட்டிலேயே கிடந்தேன்.

நீங்கள் கழுகுமலைக்குப் போன பிறகு, வலப்பக்கத்துக்கு வேறு மாடு வாங்கினேன். முதல் நாள் நுகம் வைத்ததும் என் மாடு பழக்கத்தில் உங்கள் புஞ்சைக்கே திரும்பியது. அடித்து ஓட்டினேன்.

இப்போது மருமகள் எழுதுவதை நிறுத்திவிட்டு, மேலே தலைப்பில் நம்ம சாசனம் என்று போடட்டுமா மாமா என்று கேட்கிறாள். உங்கள் சாசனம் என்றே போடு என்றேன். ‘நம்ம’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு மாட்டை அவிழ்த்திருந்தால் வந்திருக்கும்.