கந்தகம் அரைத்த ஜாடி

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகம் என்று போனில் சொன்னாய், குரலைக் கேட்டபின் நான் நம்பவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறிவிடுகிறார், இறங்கும்போதுதான் என்னைத் திட்டுகிறார்.

ஆராய்ச்சியை விட்டுவிடுவதாகத் திங்கட்கிழமை எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். மின்னஞ்சலில் அனுப்புமுன் அப்பாவும் படிப்பார், அதனால் அவருக்கும் புரியும்படி எழுதுகிறேன். லித்தியம்-கந்தக பேட்டரியில் கந்தகம் கரைந்து எதிர்ப்பக்கம் போய்விடாமல் தடுக்க, நடுவில் இருக்கும் பிரிப்புத் தாளில் கரிப்பூச்சு பூசுகிறோம். நான் வெளியிட்ட கட்டுரையில் உள்ளபடியே பூசியும், மூன்று மாதமாக உன் பேட்டரியில் மின்சாரம் நான் சொன்னதைவிடப் பத்து சதவீதம் குறைவாகவே வந்தது. உனக்குக் கை நிதானம் போதாது என்று நான்தான் சொன்னேன்.

நீ போனை வைத்த மறுநாள், முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தேன். கந்தகமே வைக்காமல், கட்டுரைக்காக அன்று பூசியதில் மிச்சமிருந்த தாளை மட்டும் போட்டு ஒரு பேட்டரி கட்டினேன். அதிலிருந்து மின்சாரம் ஏறக்குறைய ஒன்றும் வரக்கூடாது. வந்தது. பழைய குறிப்பேட்டைப் புரட்டினால், கந்தகம் அரைத்த ஜாடியிலேயே கரியையும் அரைத்திருக்கிறேன், துடைத்தேனே தவிர கழுவவில்லை. ஒட்டியிருந்த கந்தகம் பூச்சில் கலந்து என் எண்ணை உயர்த்திவிட்டது. நீ புது ஜாடியில் அரைத்தவள். எங்கள் ஆய்வகக் கருவிகளைப் பார்த்துக்கொள்பவர் இதைக் கேட்டுவிட்டு, "டீ போட்ட பாத்திரத்துலயே காபி போட்டுட்டு, காபி திடமா இருக்குன்னு ஊருக்கே எழுதிட்டீங்களே மேடம்" என்றார். சிரிக்கத்தான் முயன்றேன்.

கட்டுரையைத் திருத்தப் போகிறேன் என்றதும் எங்கள் துறைத் தலைவர், "யாரும் கேக்கலையே, எதுக்கு அவசரம்" என்றார். என் மகள் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றேன். அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார், "இதே தப்ப அவ பண்ணியிருந்தா நீ விட்டிருப்பியா?" விட்டிருக்க மாட்டேன்.

ஆராய்ச்சியில் நீ இருந்தே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிடிக்காமல் போனால் போ, கைராசி இல்லை என்று நினைத்துப் போகாதே. உன் கை சரியாகத்தான் இருந்தது. கட்டுரை வந்த பத்திரிகைக்குத் திருத்தக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். பூச்சு உண்மையில் தருவது இவ்வளவுதான் என்ற இடத்தில் உன் எண்ணைப் போட்டு, அளந்தவர் என்று உன் பெயரை எழுதியிருக்கிறேன். உன் சம்மதம் இல்லாமல் அனுப்பமாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. எங்கள் இருவர் ஆசியும் உனக்கு உண்டு. திங்கட்கிழமைக்கு முன் பதில் போடு, என்னைத் திட்டியாவது.

இப்படிக்கு,
அம்மா