பாயசத்தின் மேல் பழி இல்லை

லாத்தா,

இன்று காலை அலமாரியைத் துடைக்கும்போது பழைய விட்டமின் மாத்திரை டப்பா ஒன்று அகப்பட்டது. மூடியைத் திறந்ததும் முகத்தில் அடித்தது அந்த நெடி. "கோழிக்கூண்ட களுவி உட்ட தண்ணி மாரி கீது. இத்தப் போய் சாவுற வரைக்கும் முளுங்கச் சொல்றாங்களே!" என்று ஒவ்வொரு முறையும் திட்டிவிட்டு, ஒரு நாள் விடாமல் விழுங்கியவர் நீங்கள். போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. எடை குறைக்கச் செய்துகொண்ட வயிற்று ஆபரேஷனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் உங்கள் மகளிடம் சொன்னாராம். சொன்னால் நீங்கள் நிம்மதி அடைவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். அந்த ஆபரேஷனை யாராவது குறை சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது.

நீங்கள் போன பிறகு நான் இரண்டு பரிசோதனைகளுக்குப் போகவில்லை. எடை ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் என் சுடிதார்களுக்குத் தெரிந்துவிட்டது. வயிற்றை வெட்டித் தைத்துக்கொண்ட பிறகும் ஏறிவிட்டதே என்று வெட்கம். மூன்றாவது பரிசோதனைக்கான தேதி இன்று. போவதா, மறுபடியும் "சளி" என்று போனில் சொல்லிவிடுவதா என்று டப்பாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடையாறில் அதே கிளினிக்கின் கூடத்தில்தான் உங்களை முதலில் பார்த்தேன். எடை பார்க்கக் கூப்பிட்டதும் வளையல், தோடு, கைக்கடிகாரம், செருப்பு என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, முன்பின் தெரியாத என் மடியில் போட்டீர்கள். "புடி புள்ளே. இதெல்லாம் நானு இல்ல" என்றீர்கள். கைப்பையையும் தந்தீர்கள். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் பதற்றத்தில் உங்கள் பையைத் தோளில் மாட்டியபடியே மெஷினில் ஏறிவிட்டேன். உள்ளே டாக்டர் என் அட்டையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கியபோது கதவு திறந்தது. தலையை மட்டும் நீட்டி, "டாக்டரே, அந்தப் புள்ளய திட்டாதீங்கோ. அந்த வெயிட்டுல என் பையும் கீது" என்றீர்கள். பைக்குள் ஒரு மடக்குக் குடை, பெரிய தண்ணீர் பாட்டில், ஒரு டப்பா நிறைய அவித்த முட்டை. புரதம் குறையக்கூடாதாம்.

சிந்தாதிரிப்பேட்டையில் மோட்டார் உதிரிபாகக் கடைக்காரரின் மனைவி நீங்கள். மந்தைவெளியில் புத்தகமும் கையுமாக அறைக்குள்ளேயே இருப்பவள் நான். அக்காவை லாத்தா என்பது உங்கள் வீட்டு வழக்கம். ஒரே வாரத்தில் எனக்கும் லாத்தா ஆகிவிட்டீர்கள். உங்களுக்கு ஆபரேஷன் ஆனது உங்கள் தெருவுக்கே தெரியும். எனக்கு ஆனது அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. மற்றவர்களுக்கு அது பித்தப்பைக் கல் ஆபரேஷன். என் பெரியம்மா அதை நம்பி மாதக்கணக்கில் வாழைத்தண்டுச் சாறு கொடுத்தனுப்பினாள்.

ரகசியத்தைவிடக் கஷ்டம் பந்திதான். மூன்று கவளத்தில் நிறைந்துவிடும் வயிற்றை வைத்துக்கொண்டு வாழை இலை முன்னால் உட்கார்வது, எல்லாரும் பார்க்க விடைத்தாளை வெறுமையாகக் கொடுப்பது போல. இதைச் சொன்னதும் உங்கள் நாத்தனார் மகள் நிக்காஹ்வுக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள். அங்கே சஹன் சாப்பாடு. ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர். பிரியாணிக் குவியல் குறைந்துகொண்டே வந்தது. யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? எதிரே இருந்த இரண்டு பேரும் சேர்ந்து நம் பங்கையும் முடித்தார்கள். "பாத்தியா, நம்ம மாரி ஆளுங்களுக்குன்னே கண்டுபுடிச்சது" என்று காதில் சொன்னீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு நான் நிம்மதியாக உட்கார்ந்து எழுந்த முதல் விருந்து அது.

அதற்குப் பதில் மரியாதையாக உங்களை மயிலாப்பூருக்கு, பெரியம்மா பெண்ணின் கல்யாணத்துக்கு, அழைத்துப் போனேன். "உன் எலைய நான் பாத்துக்கறேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். சோற்றைப் பரப்பிச் சாம்பாரை ஓடவிட்டால் சாப்பிட்ட இலை போலவே இருக்கும் என்று கற்றுக்கொடுத்தீர்கள். பாயசம் வரும் வரை எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பெரியம்மா நேராக என் இலைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஏண்டி, என் பொண்ணு கல்யாணத்துல ஒரு வாய் பாயசம் சாப்பிடப்படாதா? நான் பாக்கறச்சே சாப்பிடு."

நம் இருவருக்கும் இனிப்பு ஆகாது. சர்க்கரை அந்தச் சின்ன வயிற்றில் நிற்காமல் குடலுக்குள் பாய்ந்தால் வேர்த்துக் கொட்டும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். நான் விரலை இலைக்குக் கொண்டுபோவதற்குள் உங்கள் கை குறுக்கே வந்தது. "எனக்கு பாயசம்னா உசுருங்க" என்று என் இலையிலிருந்தே வழித்து வாயில் போட்டுக்கொண்டீர்கள். சஹனில் பழகிய கை அது. அடுத்தவர் இலை என்ற எண்ணமே அதற்கு இல்லை. "எச்சல்!" என்று யாரோ முனகினார்கள். வரிசையே ரசத்தை மறந்து நம்மைப் பார்த்தது. நீங்கள் எல்லாரையும் பார்த்துச் சிரித்துவிட்டு மிச்சத்தையும் வழித்தீர்கள்.

கை கழுவி வருவதற்குள் உங்களுக்கு வேர்க்க ஆரம்பித்துவிட்டது. மணப்பெண் அறையில், பட்டுப் புடவைகளுக்கு நடுவே உங்களைப் படுக்க வைத்தோம். வெளியே "பாயசத்துல என்னமோ இருக்காம்" என்று பந்தியிலிருந்து ஆட்கள் எழுந்துவிட்டார்கள். சமையல் மாமா அறைக்கே ஓடிவந்தார். "முப்பது வருஷமா கரண்டி பிடிக்கறேன். என் பாயசத்தையா சொல்றேள்? இதோ!" என்று ஒரு லோட்டாப் பாயசத்தை எல்லார் முன்னாலும் மடமடவென்று குடித்துக் காட்டினார். அவர் கண்ணில் நீர் நின்றது. அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"மாமா, பாயசத்து மேல ஒரு பழியும் இல்லை. எங்க ரெண்டு பேருக்கும் எடை குறைக்க வயத்துல ஆபரேஷன் ஆயிருக்கு. தித்திப்பு ஒத்துக்காது."

நீங்கள் ஒரு கண்ணை மட்டும் திறந்தீர்கள். "எனக்குன்னு மட்டும் சொல்லிக்கினு போறதுதானே புள்ளே? உன்ன யாரு சேத்துக்கச் சொன்னது?"

"அப்போ அந்தப் பித்தப்பைக் கல்லு?" என்றாள் பெரியம்மா.

"இல்லை பெரியம்மா."

"வாழைத்தண்டு நறுக்கி நறுக்கிக் கையெல்லாம் கறையாப் போச்சேடி!"

அரைமணியில் நீங்கள் எழுந்து உட்கார்ந்து, மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தீர்கள். நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. தாம்பூலப் பையோடு கிளம்புவதற்குள் மூன்று மாமிகள் தனித்தனியாக என்னைத் தூண் பக்கம் ஒதுக்கி, டாக்டர் நம்பர் கேட்டார்கள். மறுவாரம் வீட்டுக்கு வந்த பெரியம்மா, என் தட்டில் மிஞ்சிய பாதித் தோசையை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். "கரண்டியாலதான் எடுத்தேன், கையால தொடலை" என்று கேட்காமலே விளக்கமும் சொன்னாள்.

அதற்கப்புறம் ஒரு பரிசோதனையில் உங்களுக்கே இரண்டு கிலோ ஏறியிருந்தது. நானாக இருந்தால் பின்வாசல் வழியாக ஓடியிருப்பேன். நீங்கள் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னீர்கள்: "எறங்குனவங்களே வந்துக்கினு இருந்தா டாக்டருக்கு இன்னா வேல? ஏறுனவங்களுக்குத்தான் அவரு."

இன்று டப்பாவோடு உட்கார்ந்திருந்தபோது ஞாபகம் வந்தது அதுதான். பஸ் பிடித்துப் போனேன்.

ஆறு கிலோ. டாக்டர் திட்டவில்லை, ஆபரேஷன் ஆன சில வருஷங்களில் கொஞ்சம் ஏறுவது பலருக்கும் நடப்பதுதான் என்றார். இத்தனை நாள் வராததுதான் அவருக்கு வருத்தம். பி12 விட்டமின் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. முடி கொட்டியதற்கும், மாடிப்படி மலையாகத் தெரிந்ததற்கும் வேறு கதை கட்டி வைத்திருந்தேன். இடுப்பில் ஊசி போட்டார்கள். நொண்டிக்கொண்டே உணவு ஆலோசகரிடம் போனேன். புதிதாக வந்த பெண், என்னைவிட இளையவள்.

"ரெண்டு இட்லி, ஒரு முட்டை, கொஞ்சம் சோறுன்னு சொல்றீங்க. அப்புறம் எப்படிங்க ஆறு கிலோ ஏறிச்சு?"

துக்கம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "மிக்சர்" என்றேன்.

பொய் இல்லை, லாத்தா. சோறு மூன்று வாயில் நின்றுவிடுகிறது. மிக்சர் மட்டும், யாரும் பேச்சுக்கு இல்லாத சாயங்காலங்களில், பிடிபிடியாக இறங்கிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பெண் மிக்சர் என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு, அடியோடு நிறுத்தச் சொன்னாள். நிறுத்திவிடுகிறேன்.

துக்கத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை. அது என்னிடம் இருக்கட்டும்.