அமாவாசைப் படம்

ஸ்காபரோ,
ஆவணி, செவ்வாய்க்கிழமை

மச்சாள் குணவதிக்கு,

மங்கையற்கரசி எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க முருகன் துணை. போன் எடுத்தால் பாதியில் வைத்துவிடுவாய் என்றுதான், லண்டன் வரும் ராகுலன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நான் ஐந்தாம் வகுப்பு மட்டும்தான் என்று என் கலியாண வீட்டிலேயே எல்லாருக்கும் சொன்னவள் நீ. மறக்கவில்லை.

போன கிழமை அஜக்ஸிலிருந்து எங்கள் தனுசியாவுக்குப் பேசின மாப்பிள்ளையின் தாய் தங்கேஸ்வரி போனில் பேசினா. பதிவுக்காரர் முன்னால் வைக்க இருந்த கலியாண எழுத்தைக் கொஞ்சம் தள்ளிவைப்போம் என்றா. ஏன் என்று கேட்டேன். "உங்கடை பேத்தி அமாவாசையிலை எங்கையோ போய் விடியத்தான் வாறாவாம்" என்றா. யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. ஆடி அமாவாசைக்கு எங்கள் வீட்டில் வந்து நின்றது நீ.

எனக்கும் மனம் ஒரு நிலையில் இல்லை. முந்தநாள் அமாவாசைக்கு நானும் தனுசியாவோடு போனேன். நகர வெளிச்சம் எட்டாத ஒரு சோளக்காணி. நிலவு இருந்தால் படம் வராதாம். தொலைநோக்கியில் கமராவைப் பூட்டி ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கிறாள். கார்க் கதவைத் திறந்தால் எரியும் லைற்றுக்குக்கூடக் கறுப்பு ஒட்டுநாடா ஒட்டியிருக்கிறாள். பக்கத்தில் நின்றது அலெக்ஸாண்டர் என்ற கிழவரும் அவருடைய மனிசியும்தான். விரதமிருந்த எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தது அந்த மனிசி.

படத்தை உள்ளே வைத்திருக்கிறேன். அரிசிமா கொட்டினதுபோல் கிடப்பதெல்லாம் நட்சத்திரம். நடுவில் கறுப்பாய் ஒரு திட்டு. அங்கே ஒன்றும் இல்லையோ என்று கேட்டேன். "இல்லை அம்மம்மா, உது தூசு. பின்னாலை நிறைய இருக்கு. எங்களுக்குத்தான் தெரியேல்லை" என்றாள். நீ கண்டதும் அந்தக் கறுப்பை மட்டும்தான், குணவதி.

என் இளைய மகள் சுலக்சனாவை, தனுசியாவின் சின்னம்மாவை, நினைத்துப்பார். நாங்கள் பார்க்டேலில் இருந்த காலம், இரவு வேலை முடிந்து வந்தவளைப் பற்றி நீ ஒரு வீட்டில் ஒரு சொல் சொன்னாய். அந்தச் சம்பந்தம் நின்றது. பிறகு வந்ததையெல்லாம் அவளே வேண்டாம் என்றாள். இப்போது பக்கத்து அறையில் இருந்து, தனுசியா எழுத்துக்கு உடுக்கும் சேலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருக்கிறாள். தங்கேஸ்வரி சொன்னதை நான் இன்னும் அவளுக்குச் சொல்லவில்லை. தையல் மெசின் சத்தம் நிற்கும்போதெல்லாம் இந்தக் கடிதத்தை மூடிவைக்கிறேன்.

தங்கேஸ்வரியின் நம்பர் உன்னிடம் இருக்கிறது. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருக்கால் பேசு. சேலை தைத்து முடிய முந்திப் பேசு.

உன் பேத்திமாருக்கும் நல்ல இடங்கள் அமையட்டும். அவர்களைப் பற்றி யாரும் எந்த வீட்டிலும் ஒரு சொல் சொல்லாதிருக்கட்டும்.

உன் அண்ணன் பெண்சாதி,
மங்கையற்கரசி