சுட்ட பூண்டுச் சம்பல்

என் சுவருக்கு அந்தப் பக்கத்துச் சாந்திக்கு,

தோட்டத்து லயத்தில், வரிசையாய் ஒட்டிக் கட்டிய வீடுகளில், நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் ஏதாவது சட்டி உருண்டால், "என்னடி உடைச்சே?" என்று கேட்க இன்னும் வாயெடுக்கிறேன். நீ போய்விட்டாய் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வருகிறது.

மஸ்கெலியா கடைச் செய்தி சொல்கிறேன், கேள். தேங்காய் மறுபடியும் ஏறிவிட்டது. மழைக்குப் பிறகு, நம் மலையில் விளைகிற கேரட்டும் லீக்ஸும்கூட நம்மைத் திரும்பிப் பார்க்காமல் லொறியேறிக் கொழும்புக்குப் போகின்றன. முட்டை கொஞ்சம் இறங்கியது. சந்தோசப்பட்டு நான் கடைக்குப் போவதற்குள் அதுவும் ஏறிக்கொண்டது. கடைக்கார நானாவிடம் பாதித் தேங்காய் கேட்டேன்.

"மத்தப் பாதிய நான் யாருக்கும்மா விக்கிறது?" என்றார்.

நியாயம்தான். மற்றப் பாதியை எப்போதும் நீதானே எடுத்துக்கொள்வாய். இப்போது முழுத் தேங்காய் வாங்கினால் பாதி கெட்டுப்போகிறது. ஒற்றை ஆளுக்குச் சமைப்பதைப் போல வீண்செலவு வேறெதுவும் இல்லை. மகன் கொழும்பில் கடைச் சோறு சாப்பிடுகிறான். நான் இங்கே சட்டியோடு உட்கார்ந்து, அடுப்பைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன்.

மாவுக்கும் கேஸுக்கும் எல்லோரும் வரிசையில் நின்ற அந்தக் காலத்தில் நாம் இவ்வளவு தனியாக இருக்கவில்லையே! விறகை மிச்சம் பிடிக்க இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு மூட்டினோம். அப்போதுதான் நீ அந்தச் சம்பலைக் கண்டுபிடித்தாய். தேங்காய்ப்பூ ஒரு பிடி, வறுத்து இடித்த பருப்பு ஒரு பிடி, தோலோடு தணலில் சுட்ட பூண்டு. "தேங்கா கொறைஞ்சா என்னா மதினி, வாசத்துல வயிறு நெறஞ்சிடும்" என்பாய். உன் வீட்டுக்காரரும் இரண்டு பிள்ளைகளும் நானும் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டோம். பஞ்சத்துச் சாப்பாடு என்று பிள்ளைகளுக்குத் தெரியவே இல்லை.

காய்ச்சல் என்று ஆசுபத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் லயத்துச் சனங்கள் முறை வைத்து உன் வீட்டுக்குச் சோறு கொண்டுபோனார்கள். காரியம் முடிந்ததும் வழக்கப்படி எல்லோரும் நிறுத்திக்கொண்டார்கள். நான் நிறுத்தவில்லை. விடியற்காலையில் ரொட்டி சுட்டு, உன் கைப்பக்குவத்திலேயே அந்தச் சம்பலை அரைத்து எடுத்துப் போனேன். பிள்ளைகளுக்கு அம்மா இல்லாத குறை தெரியக்கூடாது என்று நினைத்தேன், சாந்தி.

ஒரு நாள் உன் மூத்தவள் வனிதா வாசலிலேயே நின்றாள். "அத்தை, இனிமே கொண்டு வராதீங்க. நாங்களே ஆக்கிக்கிறோம்."

கோபம் வந்தது. தேங்காய் விற்கிற விலையில் ஆக்கிக் கொடுத்தால் வேண்டாம் என்கிறாளே, நான் இவர்களுக்கு யாருமில்லையா? உள்ளே வந்து அழுதேன். அப்புறம் சின்னவள் திவ்யா வெறும் ரொட்டியோடு பள்ளிக்கூடம் போவதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிள்ளையின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கூப்பிட்டுக் கொடுக்கவும் முடியவில்லை. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

கடைசியில் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது வனிதாவை மடக்கினேன். "அத்தை என்னா தப்பு செஞ்சேன், சொல்லு."

குடம் நிரம்பி வழிந்தது. அவள் நகர்த்தவில்லை. "தப்பில்ல அத்தை. நீங்க ஆக்கினா அச்சு அசல் அம்மா கை மாதிரியே இருக்கு. சின்னவ வாயில வச்சதும் அழுதுடுறா. அப்பாவும் எந்திரிச்சு வெளிய போயிடுறாரு. யாருமே சாப்பிடல."

குறை தெரியக்கூடாது என்று நான் தினமும் உன்னைக் கொண்டுபோய் அவர்கள் நடுவில் வைத்து, நீ இல்லை என்று தினமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் என் புளிக்குழம்பை வைத்தேன். இவ்வளவு புளிப்பா என்று நீ வாய்விட்டுச் சிரிப்பாயே, அதேதான். கொஞ்சம் கருவாடு, நிறையப் புளி, தேங்காயே வேண்டாம். சட்டியோடு போய் அங்கேயே உட்கார்ந்தேன். திவ்யா ஒரு வாய் வைத்து முகத்தைச் சுளித்தாள். "அய்யே அத்தை, பல்லு கூசுது!" என்றாள். திட்டிக்கொண்டே இரண்டாம் தடவை சோறு கேட்டாள். உன் வீட்டுக்காரர் தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தார். யாரும் அழவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு நான் மட்டும் அழுதேன். உன் கைப்பக்குவம் இனி அந்த வீட்டுக்குப் போகாதே, சாந்தி.

இனி அந்த வீட்டுக்கு என் கைச் சமையல்தான் போகும். தேங்காய் என்ன விலை விற்றாலும் சரி, உன் சம்பலை வாரம் ஒரு தடவை இங்கே தனியாக அரைத்துச் சாப்பிடுவேன். கை மறந்துவிடக்கூடாது. என்றைக்காவது உன் சின்னவள் தானாக வந்து, "அத்தை, அம்மா செய்யிற சம்பல் வேணும்" என்று கேட்பாள். அன்றைக்கு அது கொஞ்சமும் மாறாமல் அவளுக்குக் கிடைக்கும். இது சத்தியம்.

உன் பிள்ளைகளின் அத்தை,
பாக்கியம்